விடியற்காலையில் மட்டும் குளத்து மீன் செத்து மிதப்பது ஏன்?

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரியாக இருக்காது. தண்ணீர் கரும்பச்சை, ஊர்ச் சாக்கடை விழுகிறது, கட்லாவும் ரோகுவும் விடியலில்தான் மிதக்கின்றன என்கிறீர்கள். இது ஆக்சிஜன் பற்றாக்குறை மாதிரிதான் தெரிகிறது.

சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். பகலில் பாசி ஆக்சிஜனை விடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். அடியில் அழுகும் கழிவும் சேர்ந்து இழுப்பதால், சூரியன் வருமுன் மீனுக்கு மூச்சு முட்டிவிடுகிறது.

நாளைக் காலை 5 மணிக்கே போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? அப்புறம், ஆக்சிஜன் அளவைக் கரையிலேயே சோதியுங்கள். தண்ணீரை வீட்டுக்கு எடுத்து வந்தால் அளவு மாறிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது, 2-க்குக் கீழே போனால் ஆபத்து.

விராலையும் கவனியுங்கள். அது மேலே வந்து காற்றைச் சுவாசித்துத் தப்பிவிடும். விரால், தவளை, நத்தை எல்லாமே செத்திருந்தால் நான் சொன்னது தவறு, விஷமாக இருக்கலாம். அந்த மீனை யாரும் சமைக்க வேண்டாம். உடனே மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மட்டும் போட்டுவிடாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும்.