பிளேபேக்ல சரி, ஆள் வாசிச்சா கிளாரினெட் ஒரு டோன் கீழ

பார்ட்டை (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியா தர்ற நோட்டுத் தாள்) கன்சர்ட் பிட்ச்லயே, அதாவது காதுல கேக்கவேண்டிய ஸ்வரத்துலயே பிரிண்ட் பண்ணிட்டீங்க, அதான். பி ஃபிளாட் கிளாரினெட்ல சி-ன்னு எழுதினா பி ஃபிளாட் தான் கேக்கும், அதனால ஒரு முழு டோன் மேல எழுதணும். எஃப் ஹார்னும் இருக்குன்னு சொன்னீங்க, அது ஒரு பெர்ஃபெக்ட் ஃபிப்த் மேல, அதாவது ச-ப தூரம்.

அநேகமா எழுதும்போது சாஃப்ட்வேர்ல கன்சர்ட் பிட்ச் பட்டனை ஆன் பண்ணி அப்படியே விட்டிருப்பீங்க (நானும் பண்ணிருக்கேன், ரிகர்சல்ல மானம் போச்சு). பிளேபேக் எப்பவும் கேக்கவேண்டிய ஸ்வரத்தையே வாசிக்கும், அதனால காதுக்கு தப்பு தெரியாது.

ஒரு செக்: உங்க பீஸ் ஜி மேஜர்னா வரி ஆரம்பத்துல வர்ற கீ சிக்னேச்சர்ல ஃபுளூட்டுக்கு 1 ஷார்ப், கிளாரினெட்டுக்கு 3 ஷார்ப் இருக்கணும், கிளாரினெட்லயும் 1 தான்னா பட்டனை ஆஃப் பண்ணிட்டு பார்ட்டை மறுபடி எடுங்க. கையால நோட்டை மேல தூக்காதீங்க, அப்புறம் சாஃப்ட்வேரும் தூக்கிடுச்சுன்னா ரெண்டு டோன் ஏறிடும்.

ஹார்னுக்கு மட்டும் இந்த செக்கை அப்படியே நம்பாதீங்க, பழைய வழக்கப்படி அதுக்கு கீ சிக்னேச்சரே போடாம ஷார்ப் ஃபிளாட்டை நோட்டு பக்கத்துலயே எழுதுவாங்க, அதனால முதல் நோட்டை ஸ்ட்ரிங்ஸோட (வயலின் வகை) ஒப்பிட்டு பாருங்க, அதே ஸ்வரம்னா ஹார்ன்ல ஒரு ஃபிப்த் மேல எழுதியிருக்கணும்.