காலி வீதியில் டயர் காற்றிழந்தால்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியோரம் நின்ற எனது காரின் வலப்பக்கப் பின் டயர் காற்றிழந்துவிட்டது. வாகனங்கள் உரசிச் செல்லும் இடத்தில் அதனை எவ்வாறு பாதுகாப்பாக மாற்றுவது?
– வாசகி, கொழும்பு 6

பதில்: அந்த இடத்தில் மாற்றவே வேண்டாம், சகோதரி. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், வலப்பக்கச் சில்லின் அருகே குந்துபவரின் முதுகு ஓடும் பேருந்துகளை நோக்கியே இருக்கும். எச்சரிக்கை விளக்குகளை ஒளிரவிட்டு, மிக மெதுவாக அருகிலுள்ள சமதளமான ஒழுங்கைக்குள் காரைக் கொண்டுசெல்லுங்கள்; டயர் பழுதடைந்தாலும் பரவாயில்லை.

பின் சில்லை உயர்த்துவதில் ஓர் ஆபத்து உண்டு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளையே பிடிப்பதால், அவற்றில் ஒன்று நிலத்தை விட்டு எழுந்ததும் அதன் பிடி குறைந்துவிடும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரையும் போட்டு, இடப்பக்க முன் சில்லின் இருபுறமும் கல் வைத்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இடஞ்சுழியாக அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, கையேட்டில் காட்டப்பட்ட இடத்தில் மட்டும் ஜாக்கியைப் பொருத்துங்கள். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையையோ காலையோ ஒருபோதும் நுழைக்க வேண்டாம். மாற்றுச் சில்லின் நட்டுகளை, கூம்பிய பக்கம் உள்நோக்கியிருக்க, எதிரெதிராகப் பூட்டி, காரை இறக்கியபின் இறுதியாக முறுக்குங்கள்.

மாற்றுச் சில்லு ஒடுங்கிய தற்காலிக வகையாயின், வேகம் பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது.