கடற்கரைக் குடும்பச் சண்டையைப் பாட்டும் சிரிப்புமா எடுக்க: கேள்வி பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, எங்க படத்துல விசைப்படகுக்குப் போற புருசன் வேற ஒருத்தியோட தொடுப்பு வச்சிருக்கான். பொண்டாட்டி கண்டுபிடிக்கணும். செல்போன் மெசேஜ் பார்த்து அலுத்துப்போச்சு. வேற வழி?

பதில்: டோக்கன் இருக்கே தம்பி! மீன்துறை கொடுக்கிற அந்த அனுமதிச் சீட்டு இல்லாம விசைப்படகு கிளம்பாது. ராமேஸ்வரம் பக்கம் வாரத்துல 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்குன்னு முறை. நாட்டுப்படகு நாள்ல "தொழிலுக்குப் போறேன்"னு அவன் நின்னா, தெருவுல சின்னப்புள்ளைக்கும் அது புளுகுன்னு தெரியும். அவ வாயே திறக்க வேண்டாம். கட்டின சோத்துத் தூக்கைத் திரும்ப வாங்கி, கொட்டிக் கழுவிக் கவுத்து வைக்கட்டும். அந்தத் தூக்குச் சத்தத்துல தாளத்தைப் பிடிங்க, பாட்டு தானா வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துல கதையை வச்சா இன்னும் தோது. கடல்ங்கிற சாக்கே கிடையாது, தினம் ஒரு புதுப் பொய் வேணும். சனம் சிரிக்க வேண்டியது அவன் பொய்யைப் பார்த்து. அவ அழுகையைப் பார்த்து இல்ல.

கேள்வி (மண்டபம்): 2005ல ஜான் டர்டுரோ எடுத்த 'ரொமான்ஸ் அண்ட் சிகரெட்ஸ்' படத்துல, நியூயார்க் இரும்பு வேலைக்காரன் குடும்பமே பழைய ஹிட் பாட்டு ஓட ஓடக் கூடப் பாடுது. நாங்களும் பழைய சினிமாப் பாட்டைப் போடலாமா?

பதில்: அனுமதி வாங்கினா போடலாம். ஒலிப்பதிவுக்கு உரிமை தனி, வரிக்கும் மெட்டுக்கும் தனி. ஒலிப்பதிவுக்கு வெளியான மறு வருசத்துல இருந்து 60 வருசம். வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கினவர் ஆயுளுக்குப் பிறகு 60 வருசம். அதனால பழைய இசைத்தட்டோட காலம் முடிஞ்சாலும் பாட்டோட காலம் முடிஞ்சிருக்காது. நீங்களே பாடிப் பதிஞ்சாலும் கேட்டுத்தான் ஆகணும். கைக்காசுல எடுக்கிறவங்களுக்கு அம்பாப் பாட்டுக் கட்டு மேல். கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க இல்லையா? மதினியும் கொழுந்தியாளும் அவனை நடுத்தெருவுல நிக்கவச்சுக் கேள்வி கேட்க அதைவிட வேற கட்டு வேணாம். வரி மட்டும் புதுசா எழுதுங்க.

கேள்வி (பாம்பன்): பாட்டு ஓடுற ஸ்பீக்கர் கரையில, கூடப் பாடுற நடிகர் படகுல. எடிட்டிங்ல கரையில நிக்கிற பொம்பளைங்க உதடு சரியா இருக்கு, படகுல அவர் உதடு பிந்துது. ஏன்?

பதில்: சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். படகு 100 மீட்டர் தள்ளி நின்னா பாட்டு அவர் காதுக்கு 0.3 நொடி லேட். நொடிக்கு 25 பிரேம்ல எடுத்தா 7 பிரேம் பிந்தும். தனி ஷாட்னா எடிட்டிங்ல நகர்த்திக்கலாம். ரெண்டு பேரும் ஒரே ஷாட்ல இருந்தா ஒருத்தர் உதடு பொருந்தாமத்தான் போகும். கரை ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு வாக்கிடாக்கியை அமுக்கிப் பிடிச்சு, இன்னொண்ணைப் படகுல வலைக்குள்ள ஒளிச்சு வைங்க. ரேடியோ அலைக்கு அந்தத் தாமதம் கிடையாது. ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கலக்காதீங்க, அது தன் பங்குக்கு ஒரு தாமதம் சேர்க்கும்.

பாட்டுக்கு முன்னாடி அதே வேகத்துல 4 தாளத் தட்டு சேர்த்துடுங்க, இல்லாட்டி முதல் சொல்லை எல்லாரும் முழுங்குவாங்க. ஸ்லோமோஷனுக்கு 50 பிரேம்ல எடுத்து 25ல ஓட்டுறதா இருந்தா, பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல போட்டுப் பாடச் சொல்லுங்க. எதுவானாலும் வாய்விட்டுப் பாடணும். சும்மா உதட்டை அசைச்சா கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துடும்.

கேள்வி (தனுஷ்கோடி): காத்து இரைச்சல்ல வசனமே கேக்கலை.

பதில்: கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்துக் காலத்துல ஆண்கடல், அதான் மன்னார் வளைகுடா பக்கம் போகாதீங்க, பெண்கடலான பாக் நீரிணைப் பக்கம் திரும்புங்க, வாடைக் காத்துக் காலத்துக்கு இதையே மாத்திக்கோங்க. மீதி வசனத்தை அன்னைக்கு ராத்திரியே, நடிகர் மூச்சு மாறுறதுக்குள்ள, வீட்டுக்குள்ள கதவடைச்சுப் பதிஞ்சுடுங்க.

கேள்வி (கீழக்கரை): டூயட்டைத் தீவுல எடுக்கலாமா?

பதில்: மன்னார் வளைகுடாவோட 21 தீவும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம காலை வைக்காதீங்க. உச்சிப்புளியில கடற்படை விமானத்தளம் இருக்கு, ட்ரோனையும் கேக்காம பறக்கவிடாதீங்க.

கேள்வி (ஏர்வாடி): அந்த இன்னொருத்தியை வில்லியாக்காம எழுத முடியுமா சார்?

பதில்: முடியும்மா. அவளுக்கு ஒரு தொழில் கொடுங்க. கடல்பாசி எடுக்கிறவளா இருக்கட்டும். பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணி சுத்தியிருப்பா. அவளுக்கும் ஒரு பாட்டு வேணும்: அந்தத் துணியை ஒவ்வொரு விரலா அவுத்துக்கிட்டே, அவன் தன்கிட்டச் சொன்ன பொய்யை எண்ணட்டும். பத்து விரல், பத்து பொய், மூணு நிமிசத்துக்குள்ள முடிச்சுடுங்க.