ஸ்கை தீவுக்கு ஒரு நாள் போதுமா?

வணக்கம் ஐயா,

ஜூலையில் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஸ்கை தீவுக்கு ஒரே நாளில் காரில் போய்த் திரும்பிவிடலாம் என்கிறாள். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார், குவிரேங், ஃபேரி பூல்ஸ், நீஸ்ட் பாயின்ட் நான்கையும் பார்த்துவிட முடியுமா? மனிதக் கை படாத இயற்கையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முடியாது. எடின்பரோவிலிருந்து ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீ போகவே ஐந்து மணி நேரம், திரும்ப இன்னொரு ஐந்து, மிச்சமிருக்கும் பொழுது கார் நிறுத்த இடம் தேடுவதில் போய்விடும். இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், கோடையில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். ஸ்டாரும் குவிரேங்கும் வடக்கே ட்ராட்டர்னிஷ் பக்கம், இரண்டையும் ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். நீஸ்ட் பாயின்ட் மேற்குக் கோடியில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

குவிரேங்கை மட்டும் விடவே கூடாது. மேலே எரிமலைக் குழம்பு இறுகிய கனத்த பாறை, கீழே அந்தப் பாரத்தைத் தாங்க முடியாத பழைய மென்பாறை, அதனால் மலை விளிம்பே சரிந்து சரிந்து கோபுரமும் மதிலுமாக நிற்கிறது. சரிவு இன்னும் நின்றபாடில்லை, அடிவாரத்தில் ஃப்ளாடிகரி பக்கம் ரோட்டை வருஷாவருஷம் செப்பனிடுகிறார்கள்.

ரோடு பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள், போட்டோ எடுக்க அதில் காரை நிறுத்தினால் உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். அப்புறம் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி. காற்று நின்றுபோன சாயங்காலங்களில் மொய்த்து எடுத்துவிடும், காற்றடித்தால் சந்தோஷப்படுங்கள்.

சரி, 'மனிதக் கை படாத இயற்கை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே பல இடங்களில் ஆளில்லாமல் கிடப்பதற்குக் காரணமே மனிதக் கைதான். 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் பெரிய ஆட்டுப்பண்ணைகள் வைப்பதற்காகக் குடியானவர்களை ஊர் ஊராகக் கிளப்பினார்கள். பிராட்ஃபோர்டுக்குத் தெற்கே பொரரெய்க், சூஷ்னிஷ் என்று இரண்டு ஊர்கள், 1853இல் காலி செய்யப்பட்டவை, கூரையில்லாத கல்சுவர்கள் இன்னும் புல்லுக்குள் நிற்கின்றன. கடலோரம், பச்சைப்புல், ஒரு ஈ காக்கை இல்லை. போட்டோவில் அத்தனை அழகாக வரும்.

எல்லாரும் சும்மா போய்விடவில்லை. போர்ட்ரீக்குத் தெற்கே பிரேஸ் என்ற பகுதி மக்கள், பென் லீ மலையில் தங்களுக்கிருந்த மேய்ச்சல் உரிமையைத் திருப்பித் தரும்வரை குத்தகை கட்ட மாட்டோம் என்றார்கள். 1882 ஏப்ரலில் அவர்களில் சிலரைக் கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸ்காரர்கள் வந்தபோது ஆணும் பெண்ணுமாகக் கல்லை எடுத்தார்கள், பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். மறுவருஷம் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. குத்தகை ஒழுங்காகக் கட்டும் குடியானவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று 1886இல் சட்டமே வந்தது.

அந்தச் சண்டைக்கு ரோட்டோரம் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, போர்ட்ரீயிலிருந்து பக்கம்தான். நீஸ்ட் பாயின்ட்டை விட்டதில் மிச்சமாகும் நேரத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டு வாருங்கள். கார் நிறுத்தவும் திண்டாட வேண்டியிருக்காது.