லோகூர் பக்கம் ரயில் படம் எடுக்கப் போறீங்களா? கேள்வி பதில்

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே டேனிஷ்பேட்டை, லோகூர், பொம்மிடி வழியாக ரயில் பாதை சேர்வராயன் மலையை ஒட்டிப் போகிறது. அங்கே இருக்கும் ஓடைப் பாலங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணா, பாலத்து மேலேயே நின்று எடுத்தால்தானே வண்டி நேருக்கு நேர் வரும்? (கல்லூரி மாணவர், ஓமலூர்)

வரும் தம்பி, ஆனால் படத்தில் பாலம் இருக்காது. பாலம் தெரிய வேண்டுமானால் நாம் கீழே ஓடைக்கரையில் நிற்க வேண்டும். இன்னொன்று, சேலம் நோக்கி இறக்கத்தில் வரும் மின்சார என்ஜின், வளைவு திரும்பும் வரை சத்தமே காட்டாது. பாலத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒதுங்கும் மேடை, பாதையில் வேலை செய்பவர்களுக்கானது. அதில் போய் நிற்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காலை ஆறு மணிக்கே போனேன், எல்லாப் படமும் இருட்டு. கேமராவில் கோளாறா? (அஸ்தம்பட்டி)

கேமரா மேல் தப்பில்லை, மலைதான் மறைக்கிறது. சேர்வராயன் மலை பாதைக்குக் கிழக்கே 1,500 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் வெயில் இறங்க வேண்டும். பிற்பகலில் பாதைக்கு மேற்கே நின்றால் வண்டி மேலும் மலை மேலும் ஒன்றாக வெளிச்சம் விழும். மாலையில் சேலத்தைத் தாண்டிச் சென்னை போகும் கோவை எக்ஸ்பிரஸுக்கு ஏப்ரல், மே மாத வெயில் சரியாக அமையும். டிசம்பரில் அதே வண்டி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறதே, பெயரில்தான் ஏற்காடு. மலையடிவாரத்தைத் தாண்டுவதெல்லாம் ராத்திரியில்!

எந்த மாதம் நல்லது?

மழை முடிந்ததும் பச்சை கொள்ளை அழகு, ஆனால் இலைகள் பாலத்தை மூடிவிடும். அடிவாரத்தில் இலையுதிர்க் காடு என்பதால் பிப்ரவரிக்கு மேல் மரம் மொட்டையாகி, பாலத்தின் தூண்களும் கண்களும் (தூண்களுக்கு நடுவே உள்ள திறப்புகள்) தெளிவாகத் தெரியும். எனக்குப் பிடித்தது அந்தக் காய்ந்த காடுதான். மழைக்காலத்தில் ஓடைக்குள் இறங்கவே வேண்டாம். நம் தலைக்கு மேல் தூறல்கூட இருக்காது, மேலே மலையில் பெய்த தண்ணீர் வந்து சேரும்.

ஷட்டர் எவ்வளவு வைக்கலாம் சார்?

90 கி.மீ. வேகம் என்றால் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் 1/250 நொடி திறந்திருந்தால் அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும், 1/1000 நொடியில் இரண்டரை செ.மீ. பக்கத்தில் நின்றால் 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். தூரத்தில் மலையோடு சேர்த்துச் சின்னதாக எடுத்தால் 1/500 போதும். முன்விளக்கு கேமராவை ஏமாற்றும், அதனால் வெளிச்ச அளவை வண்டி வருவதற்கு முன்பே பூட்டி வையுங்கள்.

அப்புறம், இது இரட்டைப் பாதை என்பதை மறக்க வேண்டாம். ஒருமுறை மூன்று மணி நேரம் பாறை மேல் காத்திருந்தேன். எதிர்பார்த்த எக்ஸ்பிரஸ் அந்தப் பக்கப் பாதையில் வந்த அதே நேரம், இந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் நுழைந்தது. ஐம்பது பெட்டிக்கு மேல். கடைசிப் பெட்டி நகர்ந்தபோது எக்ஸ்பிரஸின் வால்கூட இல்லை. கூட்ஸ் வரும் நேரம் எந்தச் செயலியிலும் வராது. கேட் மூடுவதையும் சிக்னலையும் பார்த்துக் கணிப்பதுதான் வழி.

டிரோன் பறக்கவிடலாமா?

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். மின்கம்பிக்கு மேலே பறப்பது என் கணக்கில் வேண்டாத வேலை. காப்புக்காட்டுக்குள் நடந்து போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

குழந்தைகளோடு போக ஏதாவது இடம் சொல்லுங்க அண்ணா. (சூரமங்கலம்)

லோகூர் வேண்டாம்மா. சேலம்–கரூர் பாதை மோகனூர் அருகே காவிரியைத் தாண்டுகிறது. 2013இல் திறந்த பாதை, நீளமான பாலம், கரையில் நின்றே எடுக்கலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் மணலில் இறங்காதீர்கள்.

கடைசியாக, கையில் என்ன இருக்க வேண்டும்?

தண்ணீர், தொப்பி, கணுக்கால் மூடும் ஷூ. பாதையோர மின்கம்பத்தில் 'கி.மீ./எண்' என்று பெயின்டில் எழுதியிருப்பதைத் தூரத்திலிருந்தே ஜூம் செய்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தண்டவாளத்தில் பாறையோ மரமோ விழுந்து கிடந்தால் ரயில்வே உதவி எண் 139க்குச் சொல்ல அந்தக் கம்பத்து எண்தான் முகவரி. பள்ளத்தில் போன் டவர் கிடைக்காது, மேட்டுக்கு ஏறித்தான் பேச வேண்டியிருக்கும்.