போரைக் காரணம் காட்டிப் பற்றரி அனுப்ப மறுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கூரைச் சூரிய மின் தொகுதிகள் பொருத்தும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடம் பற்றரிகளுக்கு முற்பணம் செலுத்தியிருந்தோம். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவதால் பொருளை அனுப்ப இயலாது என்று இப்போது மின்னஞ்சல் அனுப்பியுள்ளார்கள். ஒப்பந்தத்துக்கு ஆங்கிலச் சட்டம் பொருந்தும். பிணக்கு எழுந்தால் நீதிமன்றம் செல்லாமல் சிங்கப்பூரில் நடுவர் முன் தீர்த்துக்கொள்வது, அதாவது நடுத்தீர்ப்பு, என்றும் எழுதியுள்ளோம். பணத்தை மீட்க வழியுண்டா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: வழியுண்டு. போர் மூண்டது என்பதால் மட்டும் விற்பனையாளர் கடமையிலிருந்து விடுபட்டுவிடமாட்டார். தன் கட்டுப்பாட்டை மீறிய தடை நேர்ந்தால் கடமையிலிருந்து விலக்கு அளிக்கும், 'ஃபோர்ஸ் மஜோர்' எனப்படும் சரத்து ஒப்பந்தத்தில் இருந்தால்தான் ஆங்கிலச் சட்டத்தில் அதற்குப் பயன் உண்டு. அது தானாக வந்து சேராது. ஆகவே அச்சரத்தில் போர் குறிப்பிடப்பட்டுள்ளதா, எத்தனை நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், பொருளை அனுப்பவே முடியாத நிலை வேண்டுமா அல்லது தாமதமே போதுமா என்பவற்றை முதலில் பாருங்கள்.

1956இல் சுயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடானிலிருந்து ஹம்பேர்க்குக்கு நிலக்கடலை அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நிறைவேற்ற இயலாததால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிட்டது என்று வாதிட்டனர். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்வது நெடுந்தூரமும் கூடுதல் செலவும் ஆனாலும், அது அடிப்படையில் வேறொரு கடமையாகிவிடாது என அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1961இல் தீர்ப்பளித்தது. உங்கள் விற்பனையாளருக்கும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் செங்கடல் வழியையே பெயர் குறித்துச் சொல்லியிருந்தால் அவருடைய வாதம் வலுப்பெறும்.

யார் எதைச் செய்திருக்கலாம் என்பதை நடுத்தீர்ப்பாளர்கள் எவ்வளவு நுணுகிப் பார்ப்பார்கள் என்பதற்கு, வெளிநாட்டு முதலீட்டாளர் இலங்கை அரசுக்கு எதிராகத் தொடுத்த வேறு வகை வழக்கே ஆயினும், மட்டக்களப்பு இறால் பண்ணை வழக்கு சான்று. 1987 ஜனவரி 28இல் படையினரின் நடவடிக்கையில் அப்பண்ணை அழிந்தது. அழிவு நேர்ந்தது என்பதற்காகவே அரசு பொறுப்பாகாது என்று கூறிய நடுத்தீர்ப்பாளர்கள், சந்தேகத்துக்குரிய பணியாளர்களைப் பண்ணை நிர்வாகத்தின் மூலம் முன்கூட்டியே வெளியேற்ற அரசு முயலவில்லை என்ற காரணத்தால் 1990இல் 4,60,000 டொலர் இழப்பீடு விதித்தனர். கோரப்பட்டதோ 80 இலட்சம் டொலருக்கும் மேல். அங்கே உயிரிழந்த பணியாளர்களுக்காக அன்றி, முதலீட்டுக்காகவே அவ்வழக்கு நடந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எனவே, மாற்றுக் கப்பல் நிறுவனங்களிடம் விசாரித்தீர்களா, கட்டணம் எவ்வளவு கேட்டார்கள் என்று விற்பனையாளரிடம் இன்றே எழுத்தில் வினவுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சான்றாகும். வேறிடத்தில் பற்றரி வாங்கினால் விலைச்சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் வழங்கப்படும் தீர்ப்பை பிற நாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற நாடுகள் செய்துகொண்ட 1958ஆம் ஆண்டு நியூயோர்க் சமவாயத்தின்படி விற்பனையாளரின் நாட்டிலேயே நிறைவேற்றக் கோரலாம்.

செலவுதான் பெரிய தடை. மூன்று நடுத்தீர்ப்பாளர்களை அமர்த்தினால் முற்பணத்தைவிடக் கட்டணம் மிஞ்சக்கூடும். ஒரே நடுத்தீர்ப்பாளர், நேரடி விசாரணையின்றி ஆவணங்களின் அடிப்படையில் மட்டும் தீர்ப்பு என்ற ஏற்பாட்டை உங்கள் சட்டத்தரணி மூலம் முன்மொழியுங்கள். இரு தரப்பும் இணங்கினால், பிணக்கு எழுந்த பின்னரும் அப்படி எழுதிக்கொள்ளலாம்.