தாக்கக் காரணி குறைவென்று பயந்த தலவாக்கலை அம்மாவுக்கு

அம்மா,

மகளுக்குப் பேராதனை விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் சண்டைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் இருக்கும் உங்கள் அண்ணன், "கணக்குப் படிச்சு என்ன ஆகப்போகுது, தனியார் கம்பஸ்ல சாஃப்ட்வேர் போடு" என்கிறார். பெரியப்பா உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தடவையும் எழுதி எஞ்சினியரிங் எடுக்கச் சொல்கிறார். மகள் இரண்டு வருடமாக ஒரே பெயரைத்தான் சொல்கிறாள்: அட்சரகணிதச் சேர்மானவியல் (அல்ஜிப்ரிக் காம்பினடோரிக்ஸ்). வெளிநாட்டில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்புப் படிக்கும் அண்ணன் மகன் அந்தத் துறையின் ஆய்விதழ் ஒன்றின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோளாகின்றன என்ற எண்ணை, தேடிப் பார்த்துவிட்டு, "தாக்கக் காரணி ஒன்றைக்கூடத் தொடல, செத்த துறை" என்று சொல்லிவிட்டார். நீங்கள் பயந்துவிட்டீர்கள்.

பிள்ளை தப்பான வழியில் போகவில்லை. ஆறுதலாகச் சொல்ல இருப்பது அவ்வளவுதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு ஆறுதல் சொல்ல முடியாது: "அவங்க அப்பாவோட சேமலாப நிதிக் காசு வருது, அத தனியார் கம்பஸ்ஸுக்கு முதல் தவணையாக் கட்டிரலாமா?" கட்டக்கூடாது. முப்பது வருடம் மலையேறி இறங்கியதற்கு அந்த மனிதர் கையில் மிஞ்சும் காசு அது ஒன்றுதான். முதல் தவணைக்கு அது போதும், இரண்டாம் தவணைக்கு நகை போகும், அதற்கப்புறம் வட்டிக்குக் கடன். பாதியில் காசு முடிந்தால் பட்டமும் இல்லை, கட்டியதும் திரும்பாது. இதே பிள்ளைக்கு அரசாங்கம் படிப்புக் கட்டணமே இல்லாத ஓர் இடத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். அதைக் கைவிட்டுவிட்டுக் காசு கொடுத்து இன்னோர் இடம் வாங்குவதை எந்த உறவினர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்றாம் தடவை எழுதுவதும் அப்படித்தான். ஒரு வருடம் போவது உறுதி, எஞ்சினியரிங் கிடைப்பது உறுதியில்லை. அந்தப் பாதைகளை விளக்க ஊரில் ஆள் நிறைய இருப்பதால் அவற்றை இத்தோடு விடுகிறேன். மகள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதற்கு வருகிறேன்.

துறை எது என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஒரு கொப்பித் தாளில் மேல்வரியில் மூன்று கட்டம், அதற்குக் கீழே இடப்பக்கம் ஒட்டி இரண்டு கட்டம் போடுங்கள். 1 முதல் 5 வரை நிரப்ப வேண்டும். இடமிருந்து வலம் போகும்போதும் மேலிருந்து கீழ் வரும்போதும் எண் கூடவேண்டும். 123க்குக் கீழே 45 ஒரு வழி. 124க்குக் கீழே 35, 125க்குக் கீழே 34, 134க்குக் கீழே 25, 135க்குக் கீழே 24. ஐந்து வழிதான், ஆறாவது கிடையாது. இனி எழுதிப் பார்க்காமலே எண்ணும் முறை. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று அந்தக் கட்டத்தையும், அதற்கு வலப்புறம் இருப்பவற்றையும், நேர் கீழே இருப்பவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். மேல்வரியில் 4, 3, 1 வரும். கீழ்வரியில் 2, 1. எல்லாம் பெருக்கினால் 24. ஐந்து எண்களை வரிசைப்படுத்தும் வழிகள் 5×4×3×2×1, அதாவது 120. 120ஐ 24ஆல் வகுத்தால் 5. இது 1954இல் பிரேம், ராபின்சன், திரால் மூவரும் வெளியிட்ட கொக்கிச் சூத்திரம். ஐந்து பொருட்களை இடம்மாற்றும் 120 வழிகளையும் ஒரே கூட்டமாக எடுத்து, அந்தக் கூட்டம் தாயங்களாக, அதாவது எண்களின் சதுர அடுக்குகளாக, எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அங்கேயும் இந்த வடிவத்துக்கு உரிய பரிமாணம் அதே 5. கட்டத்தில் எண்ணுவது ஒரு பக்கம், அட்சரகணிதம் மறுபக்கம், இரண்டுக்கும் ஒரே விடை. ஏன் ஒரே விடை என்று கேட்பதுதான் இந்தத் துறையின் வேலை. உயர்தரத்தில் அவள் படித்த வரிசைமாற்றமும் சேர்மானமும் இதன் வாசற்படி.

செத்த துறையா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு வரைபடத்தின் புள்ளிகளுக்கு, கோட்டால் இணைந்த இரண்டும் ஒரே நிறமாகாமல், எத்தனை விதமாக நிறம் தீட்டலாம் என்பதை ஒரு பல்லுறுப்பி சொல்லும். முக்கோணத்துக்கு அது t³−3t²+2t. குறியை விட்டுக் குணகங்களைப் பார்த்தால் 1, 3, 2: ஏறிப் பிறகு இறங்குகிறது. எல்லா வரைபடத்துக்கும் இப்படித்தான் இருக்கும் என்று 1968இல் ரீட் ஊகித்தார். ஜூன் ஹூ அதை நிறுவிய கட்டுரை 2012இல் வெளிவந்தது. வடிவகணிதக் கருவிகளைச் சேர்மானவியலுக்குள் கொண்டுவந்த அந்த வழிக்காக 2022இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதான பீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. இன்று, வரைபடங்களைப் பொதுமைப்படுத்தும் மேட்ராய்டுகள் பற்றிய கட்டுரைகள் குவிவது அந்தக் கதவு திறந்ததால். 2002இல் போமினும் செலவின்ஸ்கியும் தொடங்கிய கொத்து அட்சரகணிதம் (கிளஸ்டர் அல்ஜிப்ரா) இன்னொரு பெருக்கு. மூன்றாவது, கணினிப் பரிசோதனை. 2021இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் குழுவும் கணிதவியலாளர் ஜியார்டி வில்லியம்சனும் இயந்திரக் கற்றலை வைத்து, இடம்மாற்றக் கூட்டங்களிலிருந்து வரும் கஸ்தான்–லூஸ்டிக் பல்லுறுப்பிகள் பற்றிய பழைய கேள்வி ஒன்றில் புதிய பிடி கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். சாஃப்ட்வேர் வேண்டும் என்ற அண்ணனுக்கும் இதில் பதில் இருக்கிறது. இந்தத் துறையில் நுழையும் பிள்ளை பைத்தான் மொழியும், காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் சேஜ்மேத் மென்பொருளும் படிக்காமல் இருக்க முடியாது.

தாக்கக் காரணியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அண்ணன் மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஓர் இதழ் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்தக் கட்டுரைகளின் தொகையால் வகுப்பார்கள். உதாரணமாக 160 கட்டுரைக்கு 120 மேற்கோள் என்றால் 0.75. உயிருள்ள, கண்டிப்பான சேர்மானவியல் இதழ்கள் பலவும் ஒன்றைச் சுற்றித்தான் நிற்கும். காரணம் வேகம். மருத்துவத்தில் இன்று வந்த முடிவை அடுத்த மாதமே நாலு ஆய்வுகூடங்கள் எடுத்துப் பேசும். கணிதத்தில் ஒரு நிறுவலின் ஒவ்வொரு வரியையும் நடுவர் சரிபார்க்க ஆறு மாதம், ஒரு வருடம் போகும். அதன்பின் அச்சு வரிசையில் காத்திருப்பு. அதைப் படித்து இன்னொருவர் எழுதி, அது நடுவரைத் தாண்டி வருவதற்குள் இரண்டு வருட ஜன்னல் மூடிவிடும். கடைசியில் உள்ள நூற்பட்டியலும் சிறியது, ஆராய்ச்சிக்காரர் தொகையும் சிறியது. மேலே காட்டிய 1954ஆம் ஆண்டுச் சூத்திரம் இன்றும் மேற்கோள் ஆகிறது. அந்த மேற்கோள்களில் ஒன்றுகூடத் தாக்கக் காரணிக்குள் வராது. அமெரிக்கக் கணிதச் சங்கம் இதனால்தான் தன் கணக்கில் ஐந்து ஆண்டு எடுக்கிறது. சர்வதேசக் கணித ஒன்றியமும் வேறு இரண்டு அமைப்புகளும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, மேற்கோள் எண்ணை மட்டும் வைத்து ஆளையோ துறையையோ எடைபோட வேண்டாம் என்று எச்சரித்தது. மருத்துவ இதழின் எண்ணையும் கணித இதழின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கொழுந்தை நிறுக்கிற தராசில் உயரம் அளப்பது மாதிரி.

இதழ்கள் பற்றி மகள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று காசு. 1992இல் தொடங்கிய, பின்னர் ஸ்பிரிங்கர் வெளியிட்டுவந்த 'ஜர்னல் ஆஃப் அல்ஜிப்ரிக் காம்பினடோரிக்ஸ்' இதழின் நான்கு தலைமை ஆசிரியர்களும் 2017இல் விலகுவதாக அறிவித்தார்கள். எழுதுபவரும் காசு கட்டாத, வாசிப்பவரும் காசு கட்டாத 'அல்ஜிப்ரிக் காம்பினடோரிக்ஸ்' என்ற இதழை 2018இல் தொடங்கினார்கள். பழைய இதழ் புதிய ஆசிரியர்களோடு தொடர்ந்து வருகிறது. 1994இலிருந்து வரும் 'எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ்' இதழும் காசில்லாதது. ஆசிரியர் குழுவே எழுந்து போனதும், புதிய இதழுக்கு ஆரம்பத்தில் தாக்கக் காரணியே இல்லாமல் இருந்தது. இருந்தும் நல்ல கட்டுரைகள் அங்கே போயின. துறை எந்த மதிப்பை நம்பி நடக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. ஆகவே நாளைக்கு யாராவது, "இரண்டு வாரத்தில் பிரசுரிக்கிறோம், இவ்வளவு டாலர் அனுப்பு" என்று மின்னஞ்சல் போட்டால் அவள் ஒரு சதமும் அனுப்பக் கூடாது. இரண்டு வாரத்தில் எந்த நடுவரும் ஒரு நிறுவலைச் சரிபார்த்து முடிக்கமாட்டார்.

இப்போது பேராதனையில் என்ன செய்வது. பதிவுத் திகதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும், முதலில் அதைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று எடுத்து வையுங்கள். விடுதிக்கும், மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் உதவிப்பணத்துக்கும் தேவைப்படும். நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்று யாரும் யோசிக்க வேண்டாம். முதல் வருடம் விடுதியில்தான் இருக்க வேண்டும்.

படிப்பு ஆங்கிலத்தில். தமிழ்மொழியில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் சறுக்குவது ஆங்கிலப் பேச்சில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சறுக்குவது நிறுவலில். டியூசனில் கணக்கைச் செய்து விடை காண்பதுதான் பழக்கம். முதல் வருடத்தில் "எல்லா இப்சிலனுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்று தொடங்கும் வாக்கியத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் இடம்மாற்றி எழுதினால் பொருளே மாறிப்போகும். பாடமாக்கி எழுதும் பிள்ளைகள் அங்கே புள்ளியை இழக்கிறார்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றைப் பார்த்தே எடுப்பதால், அந்த இழப்பைப் பிறகு ஈடுசெய்ய முடியாது. எனவே பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் தினமும் ஒரு நிறுவல் போதும். ஆங்கிலத்தில் படித்து, மூடிவைத்து, தமிழில் ஒருதடவை உரக்கச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். பாடங்களில் ஏகபரிமாண அட்சரகணிதத்தையும் (லீனியர் அல்ஜிப்ரா) கூட்டக் கொள்கையையும் (குரூப் தியரி) விடக் கூடாது, அவையில்லாமல் இந்தத் துறை இல்லை. மூன்றாம் வருடத்தில், புதிய கட்டுரைகளை இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் ஆர்கைவ் தளத்தின் சேர்மானவியல் பகுதியில் தினமும் வரும் தலைப்புகளை வாசிக்கப் பழகட்டும். கணிதக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸெட்பிமேத் தரவுத்தளம் 2021இலிருந்து இலவசம். அதில் இந்தத் துறைக்குரிய 05E என்ற குறியீட்டின்கீழ் தேடினால் எந்தத் தலைப்பு வளர்கிறது, யார் யாரோடு எழுதுகிறார் என்று அவளே பார்ப்பாள். 1988இலிருந்து நடக்கும், இந்தத் துறையின் எப்.பி.எஸ்.ஏ.சி மாநாட்டின் பன்னிரண்டு பக்கச் சுருக்கங்கள் புதியவர்கள் படிக்கத் தோதானவை.

பட்டம் முடிந்ததும் வெளியே போகக் கடன் வாங்க வேண்டாம். இத்தாலியில் ட்ரியஸ்ட் நகரத்தில் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐ.சி.டி.பி ஆய்வு நிலையம், நம்மைப் போன்ற நாடுகளின் பட்டதாரிகளுக்கு ஒரு வருடக் கணித டிப்ளோமா நடத்துகிறது. தெரிவானால் படிப்புச் செலவும் வாழ்க்கைச் செலவும் அவர்களுடையது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இதே துறையில் ஆராய்ச்சி நடக்கிறது. அமெரிக்காவில் கணிதக் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் வேலையும் அதற்குரிய சம்பளமும் கிடைக்கும். உதவித்தொகை இல்லாமல் வரும் எந்த அனுமதிக் கடிதத்தையும் ஏற்கக் கூடாது.

மறைக்காமல் இதையும் சொல்கிறேன். ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு, கலாநிதிப் பட்டம் ஐந்து வருடம் எடுக்கும், அதுவரை பெரிய வருமானம் இராது. இடையில் நின்றாலும் சிறப்புப் பட்டத்தோடு தரவு, காப்புறுதி வேலைகளுக்குப் போகலாம். மலையகத்தில் இணைந்த கணிதத்துக்குத் தமிழ்மொழி ஆசிரியர் கிடைக்காமல் எத்தனை பாடசாலைகள் தவிக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அண்ணன் அதைத் தாழ்வாகப் பேசினால் பேசட்டும்.

முடிவு மகளுடையது, மாமாவுடையதல்ல. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அவள் முன்னால் ஒரு தாள் வையுங்கள். மேலே மூன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என ஆறு கட்டம். 1 முதல் 6 வரை அதே விதிப்படி நிரப்பச் சொல்லுங்கள். 16 வழி வரவேண்டும். 15 வந்தால் விட்டுப்போனதை அவளே தேடட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். பிறகு கொக்கிச் சூத்திரத்தால் சரிபார்க்கச் சொல்லுங்கள். 720ஐ 45ஆல் வகுப்பாள். அந்த இடத்தில் கொப்பியை மூடினாளா, அல்லது "எந்த வடிவம் எடுத்தாலும் ஏன்மா மீதியில்லாமல் வகுபடுது?" என்று கேட்டாளா என்பதை எனக்கு எழுதுங்கள்.